தின்னாமல் விட்ட முனை

லவ்டே ட்ரெம்பத் மாவைத் தட்டி, உருளைக்கிழங்கும் வெங்காயமும் வைத்து மடித்து, ஓரத்தைக் கயிறுபோல் முறுக்கினாள். ஒரு முனையில் கத்தி நுனியால் கணவன் டிகோரியின் முதலெழுத்தைக் கீறினாள். கார்ன்வாலிலிருந்து இந்தக் கொலராடோ மலைக்கு வந்து பதினெட்டு வருஷம். அந்தக் கீறல் ஒருநாளும் தவறியதில்லை. சுரங்க இருட்டில் அவரவர் பண்டம் அவரவருக்குத் தெரிய வேண்டுமே. எழுத்துள்ள முனையை மட்டும் டிகோரி தின்னமாட்டான். அது சுரங்கத்துக் குட்டிப் பூதங்களின் பங்கு. மூலையில் வீசிவிடுவான்.

எட்டு மணி நேர வேலை கேட்டுத் தொழிலாளர்கள் தங்கச் சுரங்கத்தை நிறுத்தி இரண்டு மாதம். அடக்க வந்த படை குன்றின்மேல் கூடாரம் அடித்திருந்தது. படையாம் படை. நேற்றுவரை டென்வர் கடைகளில் துணி கிழித்த பிள்ளைகள். உடுப்பு அரசாங்கத்தது, சாப்பாடு முதலாளிகளுடையது. ஊற்றுக்கு மேலேயே கழிப்புக் குழி வெட்டி, அந்தத் தண்ணீரையே குடித்து, பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிய வீரம் மலைக்கே தெரியும். அவர்கள்தான் டிகோரியைப் பிடித்து வேலிக்குள் அடைத்திருந்தார்கள். பத்து நாளாக லவ்டே பண்டத்தைக் காவல்காரனிடம் கொடுத்துவிட்டு வருகிறாள். முகத்தைப் பார்க்க விடவில்லை.

இன்று வேலியோரம் குனிந்து எதையோ எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். அதற்குள் பலகைக் கொட்டகைக்குள் கூப்பிட்டார்கள். லெப்டினன்ட் வில்மர் கேட்ஸ் ஒரு தாளை நகர்த்தினான்.

"உங்க வீட்டுக்காரரைத் திங்கக்கிழமையே ரயிலேத்தி மாநிலத்தை விட்டு அனுப்பியாச்சும்மா. வீடு சுரங்கத்துக்குச் சொந்தம். சனிக்கிழமைக்குள்ள காலி பண்றேன்னு கையெழுத்துப் போடுங்க."

போட்டால் டிகோரி திரும்பி வரும்போது வீடும் இருக்காது, அவளும் இருக்கமாட்டாள்.

"உன்னை எனக்குத் தெரியும் தம்பி. போன கிறிஸ்துமஸுக்கு டென்வர் கடையில ரெண்டும் இடது கை உறையாக் கட்டிக் குடுத்தவன்தானே?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு? போடுங்க."

பையிலிருந்ததை எடுத்துத் தாளின்மேல் வைத்தாள். எழுத்துக் கீறிய, பழுப்பு நிற ரொட்டி முனை.

"இன்னைக்கு வியாழன். வெள்ளை மாவு தீந்து, நேத்துத்தான் மொதத் தடவையா பழுப்பு மாவுல சுட்டேன்."

"காவக்காரப் பசங்க யாராவது தின்னிருப்பாங்க."

"உம் பசங்களா? தட்டையும் சேத்து நக்குற கூட்டம். முனையை மிச்சம் வெக்கிறவன் சுரங்கத்துக்காரன்தான். திங்கக்கிழமை ரயிலேறினவரு புதன்கிழமைப் பண்டத்தை எப்படித் தின்னாரு?"

கேட்ஸின் காது சிவந்தது. தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான். இடுப்பு வாள் கதவுச் சட்டத்தில் மாட்டிக்கொண்டது. இழுத்து இழுத்து விடுவித்தான்.

"அவரை எப்ப வெளியே விடப்போறே?"

அவன் திரும்பிப் பாராமல் வெளியேறினான்.