வாய்க்குக் கட்டிய காப்பு

எங்கள் ஊர் எல்லையம்மன் எனக்குச் செய்ததை, அவளை நம்புகிற உங்களிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம். உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் ஊர். நடவுக்குப் போகும் பெண்களில் நான்தான் பாட்டெடுப்பேன். மற்றவர்கள் பின்பாட்டுப் பாடிக்கொண்டே நடுவார்கள். அடுத்த கழனிக்கும் கேட்கும். அந்தத் தை நடவில் தொண்டை கட்டியது, விடவே இல்லை. சுக்கு, மிளகு, சித்தரத்தை எல்லாம் மென்று பார்த்தேன். பங்குனி வந்தும் வெறும் காற்றுதான் வந்தது. புற்று என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். செத்துவிடுவேன் என்றே நினைத்தேன்.

காஞ்சிபுரம் டாக்டர் தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்தார். மண்வெட்டி பிடிக்கிற கை காய்த்துப்போவதுபோல, கத்திக் கத்திக் குரல் நாண் இரண்டும் காய்த்திருக்கிறது, பார்த்தால் புற்று மாதிரி இல்லை என்றார். முதலில் பேசாமல் இருக்கணும், பிறகு மெல்லப் பேசிப் பழகணும். அப்படியும் கரையாவிட்டால் மெட்ராஸில் ஆபரேஷன். அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் வாயை மூடத்தான் வேண்டும். குசுகுசுவென்று பேசுவதும் கூடாதாம்.

நானாவது, வாயை மூடுவதாவது! ஒரு பகல் தாங்கவில்லை. மாடு நாற்றில் வாய் வைத்ததும் கத்திவிட்டேன். அழுதுகொண்டே அம்மன் முன்னால் போய் நின்றேன். அங்கேதான் அந்த எண்ணம் வந்தது. எங்கள் ஊரில் அம்மனுக்குக் காப்பு கட்டியவர்களின் விரதத்தை யாரும் கலைக்க மாட்டார்கள். மஞ்சள் கயிற்றை எடுத்துப் பூசாரியிடம் கையை நீட்டினேன்.

அவருக்குப் புரியவில்லை. "திருவிழாவே இல்ல. இன்னாத்துக்கு இப்போ காப்பு?"

என் பின்னாலேயே வந்திருந்த வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். "இவ வாயைக் கட்ட என்னால ஆவல பூசாரி. அம்மாதான் கட்டணும்."

அன்றிலிருந்து ஊரே எனக்குக் காவல். யாராவது பேச்சுக் கொடுத்தால் மற்றவர்கள் அதட்டினார்கள். ஜாடையிலேயே வேலை வாங்கினேன், ஜாடையிலேயே சண்டையும் போட்டேன். மறுபடி கண்ணாடி விட்டுப் பார்த்தபோது ஒரு பக்கம் கரைந்திருந்தது. மறுபக்கம் அப்படியே இருந்தது. மனசு ஒடிந்துபோனது. ஆனாலும் காப்பை அவிழ்க்கவில்லை. பாதி கொடுத்தவள் மீதியையும் கொடுப்பாள் என்று ஆபரேஷனுக்கு மெட்ராஸ் போனேன். எடுத்ததைச் சோதித்துப் பார்த்து, புற்று இல்லை என்று உறுதியாகச் சொன்னார்கள்.

பேசலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் பூசாரி காப்பை அவிழ்த்தார். "தாயே" என்றேன். மெல்லத்தான் வந்தது, ஆனால் என் குரலாகவே வந்தது.

வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உன் சத்தம் இல்லாம வூடு வூடாவே இல்லடி."

இப்போது பாட்டை வேறொருத்தி எடுக்கிறாள். நான் பின்பாட்டு. அதில் எனக்குக் குறையில்லை.

குரல் கம்மிப்போய் நாளாகிறது என்றால் பயந்து மறைக்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். அம்மனிடம் உங்களால் ஆகாததைக் கேளுங்கள். நான் குரலைத்தான் கேட்டுப் போனேன். என்னால் ஆகாதது வாயடக்கம் என்று அவளுக்குத் தெரியும். அதைத்தான் முதலில் கொடுத்தாள். குரல் அதன் பின்னால் வந்தது.