சம்பந்திக்கு நான் எழுதிய மூன்று

2024 ஜனவரி 10, புதன்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். கடை வாசலில் மாட்டியிருந்த வெப்பமானி மைனஸ் பதினொன்று காட்டியது. காற்று இல்லை, வானத்தில் மேகமும் இல்லை. ஆஸ்திரியாவில் ஒரு சின்ன மலையூர். பனிச்சறுக்குக் கட்டைகளை வாடகைக்குக் கொடுக்கும் கடையில், ஓர் இளஞ்சிவப்பு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அட்டையில் ஆறு கட்டங்கள். பெயர், வயது, உயரம், எடை, காலணியின் நீளம் ஆகிய ஐந்தையும் நிரப்பியாகிவிட்டது. ஆறாவது கட்டத்தில் 1, 2, 3 என்று மூன்று எண்கள். சறுக்கப்போகிறவர் எந்த வகை என்று அதில் ஒன்றைச் சுழிக்க வேண்டும். அட்டை எனக்கானது இல்லை. இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் இரவல் கோட்டும் குரங்குத் தொப்பியுமாக என் பக்கத்தில் நின்ற சம்பந்திக்கானது. அவர் என் மகளின் மாமனார்.

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் எரிச்சல்தான் வருகிறது. அவர் மீதா, என் மீதா என்று பிரித்துச் சொல்ல இன்றுவரை முடியவில்லை. நான் முப்பத்து மூன்று ஆண்டுகள் காஞ்சிபுரம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவன். அவர் அதே டிப்போவில் டிரைவர், வந்தவாசித் தடம். அவர் பெயரில் நான் பதினேழு முறை தாமதம் எழுதியிருக்கிறேன். ஒருமுறை நான்கு நிமிடத்துக்கு மெமோ கொடுத்தேன். ஜன்னல் வழியாக அதை வாங்கிக்கொண்டு, "நாலு நிமிசம் சார். அதுல ரெண்டு நிமிசம் மாடு சார். மாட்டுக்கு ஒரு மெமோ, எனக்கு ஒண்ணுன்னு பிரிச்சுக் குடுங்க" என்றார். டிப்போவே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

பிறகு என் மகளும் அவர் மகனும் ஏனாத்தூரில் ஒரே கல்லூரியில் படித்து, எங்களைக் கேட்காமலே முடிவு செய்து, கேட்ட பிறகு கல்யாணமும் நடந்தது. தாலி கட்டிய அந்த நிமிடத்தில் எங்கள் இருவரின் இடமும் மாறிவிட்டது. அவர் மாப்பிள்ளையின் அப்பா, நான் பெண்ணைக் கொடுத்தவன். அவர் உட்கார்ந்த பிறகு நான் உட்காருவேன். வந்தவாசி ஐம்பது கிலோமீட்டர் என்று அவர் சொன்னால், எனக்குத் தெரிந்த சரியான எண்ணைத் தொண்டையிலேயே வைத்துக்கொள்வேன். அவர் இதையெல்லாம் கேட்டு வாங்கவில்லை. எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. என் அப்பா என் அக்கா வீட்டில் அப்படித்தான் இருந்தார். பெண் போன இடத்தில் நிம்மதியாக இருக்க வேண்டும் என்றால், பெண்ணைப் பெற்றவன் வாயைக் கட்ட வேண்டும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். பன்னிரண்டு ஆண்டுகளில் அவரிடம் ஒருமுறைகூட நான் 'வேண்டாம்' சொன்னதில்லை.

மகளும் மாப்பிள்ளையும் மியூனிக்கில் இருக்கிறார்கள். 2023 ஆடி மாதத்தில் மகள் போன் செய்தாள். குளிர்காலத்தில் எல்லோருமாக ஒரு பனிமலைக்குப் போகலாம், மாமாவுக்குச் சறுக்கிப் பார்க்க ஆசையாம், எந்த ஊர் என்று நீயே பார்த்துச் சொல் அப்பா, நீதான் எதையும் விடாமல் பார்ப்பாய் என்றாள். இது போதாதா எனக்கு? பட்டுக்கு டிசைன் போடுகிறவர்கள் வாங்கும் பெரிய கிராப் தாள் நான்கு வாங்கிவந்தேன். கட்டங்கள் சின்னவை, தாள் மலிவு. மேலே ஒன்பது ஊர்கள், பக்கவாட்டில் முப்பத்தொரு விவரம். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் தறி ஓடும் நேரமெல்லாம் நான் கட்டம் நிரப்பினேன்.

எரிச்சல் அங்கேயே தொடங்கியது. எந்த ஊரின் விளம்பரத்தைப் பார்த்தாலும் 'எல்லோருக்கும் ஏற்ற இடம்' என்றிருந்தது. எல்லோருக்கும் ஏற்ற இடம் உலகில் எங்கே இருக்கிறது? தோண்டிப் பார்த்தால்தான் தெரிந்தது. காஷ்மீரத்துக் குல்மர்க் கைதேர்ந்தவர்களின் இடம். கம்பிவண்டி கொண்டுபோய் விடும் உயரத்தில் மூச்சு வாங்கும், மேலே போட்டுவைத்த பாதையும் அதிகம் கிடையாது. உத்தராகண்டின் அவுலி புதிதாகக் கற்பவர்களுக்குச் சாது, ஆனால் பனி எந்த வாரம் விழும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தருவதில்லை. பிரான்சில் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு நாள் முழுக்கப் போய்க்கொண்டே இருக்கலாம். கால் வலுவுள்ளவர்களுக்கு அது சொர்க்கம், ஐந்து வயதுப் பேரனுக்கு அங்கே என்ன வேலை? ஜப்பானில் பனி பஞ்சுபோல் இடுப்பளவு விழுகிறதாம். சறுக்கிவிட்டு வெந்நீர் ஊற்றில் உட்காரலாம் என்பதால் சம்பந்திக்கு அது பிடித்திருந்தது. கனடாவில் சொல்லிக்கொடுப்பவர்கள் பொறுமைசாலிகள், குளிர் பொறுமையில்லாதது. சுவிட்சர்லாந்தின் விலைப்பட்டியலைப் பார்த்ததும் அந்தப் பத்தியை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

இதில் வண்ணக் குழப்பம் வேறு. சரிவின் கடினத்தைக் காட்ட ஒவ்வொரு நாடும் தன் இஷ்டத்துக்கு நிறம் வைத்திருக்கிறது. ஆஸ்திரியாவில் எளிய சரிவுக்கு நீலம், அதற்கு மேல் சிவப்பு, பிறகு கறுப்பு. பிரான்சில் நீலத்துக்கும் கீழே ஒரு பச்சை. அமெரிக்காவில் சிவப்பே கிடையாது. ஜப்பானில் பச்சைக்கு அடுத்து நேரே சிவப்பு. ஒரே நிறம் ஓர் ஊரில் நடுத்தரமும் இன்னோர் ஊரில் ஆபத்துமாக இருக்கலாம் என்பதைச் சரிபார்த்து அடிக்குறிப்பு எழுதவே எனக்குப் பதினோரு நாள் ஆனது.

சம்பந்தி ஓரிக்கையிலிருந்து தன் வேனை ஓட்டிக்கொண்டு வந்தார். ஓய்வுக்குப் பிறகு அதைக் கல்யாணச் சவாரிக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். கிராப் தாளைத் தரையில் விரித்துக் காட்டினேன். குனிந்து, கைகளை முட்டியில் ஊன்றிக்கொண்டு, ஐந்து நிமிடம் பார்த்தார்.

"இன்னா சம்பந்தி, புடவைக்கு டிசைனு மாரி இருக்குது. இதுல நான் எந்த எடம்?"

"நீங்க கத்துக்கிறவங்க வரிசைங்க. இதோ, பேரன் பேருக்குக் கீழ."

"அவனுக்குக் கீழயா? அவன் இன்னும் சட்டைக்குப் பட்டனே ஒழுங்கா போட மாட்டேன்றான்பா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்த வரிசையை விரலால் இரண்டு முறை தேய்த்தார். கடைசியில் மாப்பிள்ளைக்கு எட்டு நாள்தான் லீவு என்பதால் பக்கத்து நாடான ஆஸ்திரியாவே முடிவானது. முப்பத்தொரு விவரத்தில் லீவு என்ற வரியை நான் போடவே இல்லை. பயணக் காப்பீட்டின் பதினான்கு பக்கங்களையும் படித்தேன். ஒன்பதாம் பக்கத்தில், அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர் பனிச்சறுக்கில் அடிபட்டால் பணம் கிடையாது என்று இருந்தது. அவருக்கு அறுபத்தேழு. நேராகச் சொல்ல மனம் வராமல், சுவரைப் பார்த்து அந்த வரியை உரக்கப் படித்தேன். "விழுந்தாத்தான சம்பந்தி" என்றார்.

முதல் இரண்டு நாள் பயிற்சிப் பள்ளியின் குட்டைக் கட்டைகளில், குழந்தைகள் சரிவில், பேரனோடு கற்றார். நான் கீழே பெஞ்சில் உட்கார்ந்து எண்ணினேன். முதல் நாள் இருபத்தாறு முறை விழுந்தார், இரண்டாம் நாள் ஒன்பது. ஒவ்வொரு முறையும் கட்டை காலை விட்டுக் கழன்றது. ஒவ்வொரு முறையும் பேரன், "தாத்தா, உன் வண்டி மறுபடியும் பஞ்சர்" என்று கத்தினான். மூன்றாம் நாள் நீலச் சரிவுக்குப் போகலாம், அதற்குத் தனிக் கட்டை வாடகைக்கு எடுங்கள் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். மகளும் மாப்பிள்ளையும் வெளியே பேரனுக்குக் காலணி மாட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படித்தான் அந்த அட்டை என் கைக்கு வந்தது.

மேசைமேல் விளக்கப் பலகை இருந்தது. ஆங்கிலத்தில் படித்து அவருக்குத் தமிழில் சொன்னேன். ஒன்று என்றால் மெதுவாகப் போகிறவர். காலணியைப் பிடித்திருக்கும் பிடியைத் தளர்வாக வைப்பார்கள், விழுந்தால் கட்டை கழன்றுவிடும். மூன்று என்றால் வேகமாகப் போகிறவர். பிடி இறுக்கமாக இருக்கும், லேசில் கழலாது.

"மூணு போடுங்க" என்றார்.

"ஒண்ணு போதுமேங்க" என்றேன். அவ்வளவுதான் என் எதிர்ப்பு. என் நாக்குக்கு அதற்கு மேல் நீளம் இல்லை.

"நேத்தெல்லாம் பாத்தீங்கள்ல, கழண்டு கழண்டு வுழுது. சக்கரத்து நட்டை எவனாச்சும் லூசா வுட்டு வண்டி எடுப்பானா? இறுக்கமா இருந்தாத்தான் வண்டி நம்ம பேச்சைக் கேக்கும். நாப்பது வருசம் ஓட்டிக்கினு இருக்கிறவன் சொல்றேன், போடுங்க."

எனக்குத் தெரியும். கழல்வதுதான் அவர் முட்டியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்று முந்தைய இரவே படித்திருந்தேன். இருபத்தாறும் ஒன்பதும் முப்பத்தைந்து, முப்பத்தைந்து முறை அது அவரைக் காப்பாற்றியிருக்கிறது என்ற கணக்கும் என்னிடம் இருந்தது. மூன்றைச் சுழித்தேன்.

கடைப் பெண் அட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்து, "மூன்று என்று இவர் உறுதியாகத்தான் சொல்கிறாரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "ஆமாம்" என்றேன். அவள் கேட்ட கேள்விக்கு அது சரியான விடை. அவள் ஸ்குரூ டிரைவரை எடுத்து முறுக்கினாள். இடது கட்டைக்கு நான்கு சுற்று, வலதுக்கு நான்கு சுற்று.

விழுந்தது பத்து மணி ஐம்பத்திரண்டு நிமிடத்துக்கு. வேகமே இல்லை. பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கும் வேகம்கூட இருக்காது. திரும்ப முயன்றார், உடல் திரும்பியது, இடது கட்டை பனியில் செருகி நின்றுவிட்டது. கழலவில்லை. கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியதைக் கீழே பெஞ்சிலிருந்தே பார்த்தேன். அவர் சத்தம் போடவில்லை. பனியில் இழுத்துச் செல்லும் ஸ்லெட்ஜில் படுக்கவைத்துக் கீழே கொண்டுவந்தபோது என்னைப் பார்த்து, "டைம் எழுதிக்கினீங்களா சம்பந்தி?" என்றார்.

இடது முட்டியில் தசைநார் இரண்டு அறுந்திருந்தன. பொங்கலுக்கு நாங்கள் காஞ்சிபுரத்தில் இருந்திருக்க வேண்டும். பொங்கலன்று அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து விமானத்தில் ஏற்றினோம். சென்னையில் ஆபரேஷன், மூன்று மாதம் பயிற்சி. நடக்க முடிந்தது, ஆனால் முட்டி பாதிக்கு மேல் மடங்கவில்லை. டிரைவருக்கு இடது கால் என்பது கிளட்ச். மாப்பிள்ளை, கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கார் வாங்கித் தருகிறேன் என்றார். "அத்த ஓட்டறதுக்கு நான் எதுக்கு, நம்ம பையனையே ஒக்கார வைக்கலாமே" என்று பேரனைக் காட்டிவிட்டார். பார்க்க வந்தவர்கள் எல்லோரிடமும், "ஐஸ்ல கால் வழுக்கிடுச்சு" என்ற ஒரே வாக்கியம்தான் சொன்னார். அட்டையைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. மகள் போனில் "எப்படிப்பா ஆச்சு?" என்று ஆறு முறை கேட்டாள். ஆறு முறையும் பனியைத்தான் குற்றம் சொன்னேன். அவள் வாழும் வீட்டின் தலைவரை நொண்டியாக்கியது என் பேனா என்று எப்படிச் சொல்வேன்?

சித்திரை கடைசியில் ஒருநாள், பதினொரு மணி வெயிலில், ஓரிக்கையிலிருந்து ஆட்டோ பிடித்து, கைத்தடியோடு என் வீட்டுக்கு வந்தார். வேனை விற்றுவிட்டதாகச் சொன்னார். மோர் குடித்தார். பக்கத்து வீட்டுத் தறி நிற்கும்வரை காத்திருந்து கேட்டார்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நம்பரு தெரிஞ்ச ஆளு. அத்தினி தாள்ல அத்தினி எழுதினீங்க. அன்னிக்கு அந்தக் கடையில, மூணு வேணாம்யான்னு ஏன் சொல்லல?"

காலியான மோர்ச் சொம்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"டிப்போல நாலு நிமிசத்துக்கு மெமோ குடுத்த மனுசன். அன்னிக்கு மட்டும் எங்க போனாரு அவரு?"

"பொண்ணைக் கொடுத்திருக்கேனேங்க" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அது எவ்வளவு சின்ன வாக்கியம் என்று எனக்கே கேட்டது.

"அடப் போங்க சம்பந்தி. உங்க பொண்ணு என்னைத் தெனம் போன்ல திட்டுது. சர்க்கரை போடாதே, கேட்டுக்கு வெளிய செருப்பில்லாம போவாதேன்னு. எம் பொண்டாட்டிகூட அவ்ளோ பேச மாட்டா. நான் இன்னா பண்ணிட்டேன் அதை? பயந்துக்கினு இருந்தது நீங்க ஒருத்தர்தான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நிஜமாகவே புரியாமல் கேட்டார். பன்னிரண்டு ஆண்டு நான் கொடுத்த மரியாதை அவருக்கு வந்து சேரவே இல்லை. என்னை வாய் பேசாத மனுஷன் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. எழுந்து போய் மோர்ச் சொம்பைக் கழுவினேன், கழுவியதையே மறுபடியும் கழுவினேன்.

திரும்பி வந்தபோது ஸ்டூல்மேல் ஒரு துணிப்பை இருந்தது. வேன் விற்ற பணம். ஆபரேஷன் செலவெல்லாம் நானே செய்ததாக மாப்பிள்ளை சொல்லிவிட்டாராம்.

"பாதியாச்சும் புடிங்க" என்றார்.

"வேண்டாம்" என்றேன்.

"இந்த வேணாம் மட்டும் டாண்ணு வருது பாரு" என்று சிரித்தார். தடியை ஊன்றி எழுந்தார். நான் கைகொடுக்கப் போனேன், வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, மடங்காத காலை முதலில் படியில் வைத்து இறங்கினார்.

போன ஆடியில் மாரடைப்பில் போய்விட்டார். முட்டிக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று டாக்டரிடம் இரண்டு முறை கேட்டேன். இல்லை என்று இரண்டு முறையும் சொன்னார். காரியம் முடிந்த மறுநாள் மகளைத் தனியாக அழைத்து அட்டையைப் பற்றிச் சொன்னேன். அவள் கொஞ்சம் அழுதுவிட்டு, "மாமா எனக்கு அப்பவே சொல்லிட்டார்ப்பா. உங்கப்பாகிட்ட தெரியாத மாதிரி இருன்னார்" என்றாள். அப்படியானால் அவள் என்னை ஆறு முறை கேட்டது, நானே சொல்வேனா என்று பார்க்கத்தான்.

ஸ்லெட்ஜுக்கும் அங்கே பார்த்த டாக்டருக்கும், மாற்றிய டிக்கெட்டுகளுக்கும், சென்னை ஆபரேஷனுக்கும், மூன்று மாதப் பயிற்சிக்கும், முட்டிப் பட்டைக்கும், கைத்தடிக்கும் சேர்த்து, ஒருவரிடமும் ஒரு பைசா வாங்காமல் நான் கொடுத்தது ஐந்து லட்சத்து எழுபத்து நான்காயிரத்து நூற்று அறுபது ரூபாய்.