ஜெபசீலன் வீட்டுக் கடல்

ஜெபசீலன் தோசைத் திருப்பியை மீன் தொட்டிக்குள் விட்டு மணலை வழித்துக்கொண்டிருந்தார். சட்டை இல்லை. வலது கை தோள் வரைக்கும் உப்புத் தண்ணீரில். இடது கையில் ஒரு சில்வர் கிண்ணம். மணல்மேல் படர்ந்திருந்த பாசி, காய்ச்சிய பாலின் ஆடையைப் போல ஓரம் சுருண்டு எழும்பி வந்தது. நிறம்தான் பால் இல்லை. காய்ந்த ரத்தத்துக்கும் புளிக்கரைசலுக்கும் நடுவில் ஒரு நிறம். அதைக் கிழியாமல் எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். கிழிந்தால் துணுக்குகள் தண்ணீரெல்லாம் பறக்கும். அநேகமாகக் கிழிந்துவிடும்.

"நேத்து காலைல தாண்ணா வழிச்சேன். இன்னிக்கி பாரு, புதுப் போர்வ போத்திகினு கீது" என்றார். கோபம் இல்லை. பஸ் வராத ஸ்டாப்பில் நிற்கிறவரின் குரல்.

இரும்புலியூரில் அவர் வீட்டு முன்னறையில், மற்றவர்கள் டிவி வைக்கிற இடத்தில் இருக்கிறது அந்தத் தொட்டி. மூன்றடி நீளம். கண்ணாடி அறுத்து ஒட்டிக் கொடுத்தவன் நான். என் வேலை கண்ணாடியோடு முடிந்தது. ஆனாலும் தொட்டியில் எது கெட்டாலும் என் கடைக்குத்தான் வந்து நிற்பார். ஒழுகினால் என்னைக் கேட்கலாம். பாசிக்கு நான் என்ன செய்ய?

வாஸ்து மீன், தங்க மீன் வளர்க்கிறவர்கள் தாம்பரத்தில் தெருவுக்கு இருவர் உண்டு. கடல் மீன் வளர்க்கிறவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபம் முடிந்ததும், டிவிஎஸ் ஃபிஃப்டியில் இரண்டு பக்கமும் கேனைக் கட்டிக்கொண்டு கோவளம் போய்க் கடல் தண்ணீர் மொண்டு வருவார். திரும்பி வரும்போது வண்டி ஆடும், அவரும் ஆடுவார், கேன் மூடியிலிருந்து ரோடெல்லாம் சொட்டும். வண்டலூர் கேட்டில் ஒரு போலீஸ்காரர் சாராயம் என்று நினைத்து மூடியைத் திறந்து நக்கிப் பார்த்த கதையை அவரே சொல்லிச் சிரிப்பார்.

பிழைப்பு, கூடுவாஞ்சேரி தாண்டி ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பரிமாறுவது. அவர் வாளியோடு வரிசையில் வருவதைப் பார்க்க வேண்டும். நடையில் ஒரு அவசரம், கண்ணில் ஒரு கவலை. யாருடைய தட்டில் வெள்ளைச் சோறு தெரிகிறதோ அங்கே கரண்டி இறங்கிவிடும். போதும் என்று தட்டைக் கையால் மறைத்தால் விரல் இடுக்கில் சாம்பார் ஊற்றுவார். கை சுட்டவன் திட்டினால், "போதும்ங்கிறவன் வெக்கப்பட்றான், அவ்ளோதான்" என்பார். போதும் என்ற சொல்லை அவர் நம்பியதே கிடையாது.

வீட்டிலும் அப்படித்தான். உட்காரும் முன்பே தட்டு வரும். தட்டு காலியானால் அடுத்த தட்டு. பிறகு, "மாப்ளைக்கும் போடுண்ணா" என்று ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை நீட்டுவார். அதில் சென்னாக்குன்னி இருக்கும். வெயிலில் காயவைத்த பொடி இறால். அதைக் கையால் நொறுக்கித் தண்ணீரில் தூவ வேண்டும். வீட்டுக்கு வந்தவர் மீனுக்கு ஒரு பிடி போடாமல் போனால் அவருக்கு மனசு ஆறாது. புதன்கிழமை ஜெபக் கூட்டத்துக்கு வரும் பெண்கள் எல்லோரும் வரிசையாகப் போடுவார்கள். அவரோ வேலைக்குப் போகும் முன், வந்த பின், சாப்பிட உட்காரும்போது, எழுந்திருக்கும்போது.

மாப்ளை என்பது மீன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை மூன்று. ராமேசுவரம் பக்கத்திலிருந்து வருகிறது என்று மூர் மார்க்கெட் கடைக்காரர் சொல்லி விற்றார். முதலில் ஆறு இருந்தன. ஒவ்வொன்றாக மல்லாந்து மிதந்து, இப்போது இது ஒன்றுதான். அவர் முகம் கண்டால் கண்ணாடிக்கு ஓடி வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். "பாருண்ணா, பசிக்குதுங்குது."

மனைவி அமலராணி ஒரு நாள் வாசற்படியில் நின்றபடி தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இதுவும் செத்துதுன்னா அந்தத் தொட்டில நான் துணி ஊற வெப்பேன். முன்னாடியே சொல்லிட்டேன். அண்ணன் சாட்சி."

"வெச்சிக்கோ" என்றார் ஜெபசீலன். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை என்று பிறகு அந்த அம்மாளே என்னிடம் சொன்னார்.

அதன்பிறகு பாசியோடு அவர் நடத்திய சண்டை ஒரு சண்டையா? கோவளம் தண்ணீர் சரியில்லை என்று மகாபலிபுரம் வரைக்கும் போனார். பாசி வந்தது. கேனில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்திருக்கும் என்று அமலராணி சொல்ல, புதுக் கேன் வாங்கினார். வந்தது. மணலை மொத்தமாக அள்ளி, வெந்நீரில் அலசி, மாடியில் காயவைத்தார். தெருப்பூனை அதைத் தன் வசதிக்குப் பயன்படுத்திக்கொண்டது. மறுபடி அலசினார். பாசி வந்தது. கோயில் குளத்தில் காசு போடுவதே பாசி பிடிக்காமல் இருக்கத்தான் என்று ஒருவன் சொன்னதைக் கேட்டு, பழைய செப்புக் காசு இரண்டைப் போட்டார். பாசி அப்படியே இருந்தது. தொட்டியில் சங்குக்குள் குடியிருந்த சின்ன நண்டுதான் செப்பு பட்டுச் செத்துப்போனது. அந்தச் சங்கை ஜன்னல்மேல் வைத்திருக்கிறார்.

எல்லாவற்றையும் விட அவரைக் குழப்பியது ஒன்று உண்டு. விடிகாலையில் மணல் பாதி வெளுத்துக் கிடக்கும். நல்லதாயிற்று என்று டீ குடித்துவிட்டு வருவார். மதியத்துக்குள் பழைய போர்வை. "ராத்திரில எங்கண்ணா போவுது? எங்கனா போய்ட்டு வருதா? ஒண்ணியும் புரியல. செம பேஜார்." எனக்கும் புரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

புரட்டாசியில் ஆற்காட்டில் மைத்துனர் மகள் கல்யாணம். சமையலுக்கு ஆள் அமர்த்திப் பந்தியைப் பார்த்துக்கொள்ள இவரைத்தான் கூப்பிட்டார்கள். போனால் ஒரு வாரம் ஆகும். பக்கத்து வீட்டுத் தாயாரம்மாளிடம் சாவியைக் கொடுத்தார். அந்தத் தெருவில் பாதி இடம் ஒரு காலத்தில் அந்த அம்மாள் வீட்டு வயல். இப்போது மூன்று வீட்டு வாடகை வாங்குகிறார். ஹார்லிக்ஸ் பாட்டிலையும் கையில் திணித்து, "காத்து மோட்டார நிறுத்தாத அக்கா. லைட்ட காலைல போடு. துன்றதுக்கு மட்டும் கொறை வெக்காத. பாவம், ஒத்தையா கீது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்போது நான் கூட இருந்தேன். தாயாரம்மாள் பாட்டிலை இரண்டு விரலால் பிடித்துக்கொண்ட விதம் எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

திரும்பி வந்த அன்றே கடைக்கு ஆள் அனுப்பிவிட்டார். மீன் போய்விட்டது என்றுதான் நினைத்துப் போனேன். போனால், மனிதர் செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். மணல் வெள்ளையாக இருந்தது. மூலையில் மட்டும் ஒரு கைக்குட்டை அளவு பழுப்பு. மாப்ளை கொஞ்சம் இளைத்து, அம்பு மாதிரி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்துகொண்டிருந்தது.

"அக்கா கை ராசிண்ணா" என்றார். ஆற்காட்டு மக்கன் பேடா டப்பாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடினார். நானும் பின்னால் போனேன்.

"எப்டிக்கா போட்ட? எந்தக் கையால போட்ட? எவ்ளோ போட்ட, சொல்லு."

தாயாரம்மாள் டப்பாவை வாங்கவில்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். நெற்றியில் நாமம் பளிச்சென்று இருந்தது.

"இன்னா ஜெபசீலு, புரட்டாசி மாசத்துல அந்தக் கருவாட்டக் கையால தொடுவனா நானு? பெருமாளுக்கு வெளக்கேத்துற கை."

"அப்ப?"

"உங்கிட்ட எப்டி மாட்டேன்னு சொல்றது? வாங்கி வெச்சிட்டேன். அந்த வாடைக்கு உள்ளயே போவல. வாசல்ல நின்னு மோட்டார் சத்தம் வருதான்னு கேட்டுட்டு வந்துடுவேன். லைட்டும் போடல. பட்டினில செத்துதுன்னா பாவம் எனக்குத்தானேன்னு தெனம் கன்னத்துல போட்டுக்கினேன்."

பாட்டிலைக் கொண்டுவந்து, துணியால் பிடித்துக் கொடுத்தார். ஒரு துணுக்குகூடக் குறையவில்லை.

ஜெபசீலன் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒரு வாரமா பட்டினிண்ணா அது." வீட்டுக்குள் வந்து மறுபடி குந்தினார். வெள்ளை மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப துன்ன குடுத்தாதான் கெட்டுப் பூடுதா? அதெப்டிண்ணா? சோறு போட்டா யாருனா கெட்டுப் போவாங்களா?"

"மீன் தின்னது போக மிச்சம் மணலில் விழுந்து அழுகிப் பாசிக்குத் தீனியாகும்போல. வெளிச்சம் இல்லாத ராத்திரியில் மட்டும் அது அடங்கும்போல" என்றேன். நான் கண்ணாடி அறுக்கிறவன், தோன்றியதைச் சொன்னேன்.

"நான் மிச்சம் வெக்கிற அளவுக்குப் போடலியே" என்றார். உள்ளே அமலராணி சிரித்தது கேட்டது. அவர் சிரிக்கவில்லை. என்னிடம் இல்லாமல் தொட்டியிடம், "அந்த அஞ்சும் அப்ப என்னாலயா?" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

கேன்டீனில் இப்போதும் அதே வாளி, அதே கரண்டி. போதும் என்பவன் தட்டுக்கு முன்னால் மட்டும் ஒரு நொடி தயங்குகிறாராம். பிறகு ஊற்றிவிடுகிறாராம்.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். எனக்குத் தட்டு வந்தது, பாட்டிலை நீட்டவில்லை. அவரே திறந்து ஒரு பிடி எடுத்தார். கை பழைய அளவுக்குத்தான் எடுத்தது. மாப்ளை கண்ணாடிக்கு ஓடி வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. "பசிக்குதாடா?" என்றார். தண்ணீருக்கு மேலே அந்தக் கை நின்றது. விரலிடுக்கிலிருந்து இரண்டே இரண்டு துணுக்கை உதிர்த்தார். மீன் கவ்வியது, மறுபடி வந்து வாயைத் திறந்தது. கைப்பிடியில் மிச்சம் அப்படியே இருந்தது. பாட்டிலில் திரும்பப் போட அவருக்குக் கை வரவில்லை. மீனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, அந்தப் பிடி சென்னாக்குன்னியைத் தன் வாயில் போட்டு மென்றார்.