கதை கேட்கும் பொம்மைகள்

கருங்கல் என்னும் எங்கள் ஊரில் அடுத்த வீட்டுப் பெண்ணான பெபிஷா, ஆலைகளைக் கணினித் திரையில் கட்டுபவள். மேசை, கூடை, வாசல் எல்லாம் திரையில் எழும். மனிதர்களுக்குப் பதிலாகச் சிறிய பொம்மைகள் அங்கே வேலை செய்யும். இருக்கைகளை இடம் மாற்றினால் வேலை விரையுமா, தேங்குமா என்பதை அப்பொம்மைகளை இயக்கிப் பார்த்தே அவள் முன்கூட்டிச் சொல்லிவிடுவாள்.

பெங்களூரில் பிறருக்குக் கீழே பணிபுரிந்தவள், ஊர் திரும்பித் தனியாக ஏற்ற முதல் வேலை, யூஜினின் முந்திரி ஆலை. ஊரார் அதை அண்டி ஆபீஸ் என்பார்கள். அந்த வேலை கூடிவந்தால் இங்கேயே தொழில் நடத்தலாம். தவறினால் மறுபடியும் பெட்டி கட்ட வேண்டும்.

தோலுரிக்கும் கூடத்தில் பெண்கள் வட்டமாக அமர்ந்து, ஓயாமல் பேசியபடியே பருப்பின் செந்தோலை நீக்குவார்கள். பேச்சு வேலையைத் தாமதப்படுத்தும் என்று பெபிஷா ஐயமின்றி நம்பினாள். பொம்மைகளை வாய்மூடித் தனித்தனியே அமர்த்தியபோது, திரையில் பருப்பு மலையாகக் குவிந்தது. யூஜின் மகிழ்ந்துபோய், மறுநாளே இருக்கைகளை விலக்கிப் போட்டுப் பேச்சையும் தடுத்துவிட்டார்.

உண்மையான கூடைகளோ நிறையவில்லை. காலையில் குறை தெரியவில்லை. நண்பகலுக்குப் பின்னரே வேலை படுத்துவிட்டது.

"ஒனக்க பொம்மைய நம்பி நான் மோசம் போனேன் மக்கா," என்றார் யூஜின். "வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாக்கு. இல்லேன்னா இந்த ஏற்பாடே வேண்டாம்."

காரணத்தை அறிய, பெபிஷா தானும் அவ்வரிசையில் ஒருத்தியாக அமர்ந்தாள். மதியம், மூத்த தொழிலாளியான நேசபாய் கொண்டுவந்த மரச்சீனிக் கிழங்கையும் சாளைமீன் குழம்பையும் வயிறார உண்டாள். பிறகு அமைதி. மின்விசிறியின் ஓசை. விரல்களுக்கிடையே ஒரே ஒரு பருப்பு.

"ஏட்டி, எழும்பு பிள்ளே! கொறட்ட ரோடு வரைக்கும் கேக்குது!"

நேசபாயின் குரலில் அவள் திடுக்கிட்டு விழித்தாள். கூடம் முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தது.

"எங்க வாயப் பூட்டிட்டு அவ ஒறங்குகா, பாத்தியளா!" என்றாள் பக்கத்து இருக்கை ஸ்மைலின்.

"மரச்சீனி சும்மா விடுமா?" என்றார் நேசபாய்.

பெபிஷாவும் சிரித்துவிட்டாள். தன் பொம்மைகளுக்கு அவள் மதியச் சாப்பாடே போட்டதில்லை. அவற்றுக்கு எப்படி உறக்கம் வரும்?

மறுநாள் யூஜினிடம் கெஞ்சி, பழைய வட்டத்தையும் பேச்சையும் மீட்டாள். உணவுக்குப் பின் ஸ்மைலின், தன் நாத்தனாரின் கல்யாண வீட்டுச் சண்டையைச் சொல்லத் தொடங்கினாள். கதையோடு கைகளும் விரைந்தன. மாப்பிள்ளையின் செருப்பு கிணற்றில் விழுந்த இடத்தில் மட்டும் அத்தனை கைகளும் ஒருகணம் நின்று, மீண்டும் ஓடின. உணவு, உறக்கம், கதை ஆகிய மூன்றையும் பெபிஷா தன் பொம்மைகளுக்குக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை, திரையின் கூடைகளும் கூடத்தின் கூடைகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே நிறைந்தன. யூஜின் வாய்விட்டுச் சிரித்து, தம் இரண்டாவது ஆலையையும் அவளிடமே ஒப்படைத்தார்.

பெண்கள் திரையை மொய்த்துக்கொண்டார்கள். ஒரு மூலையில் ஒரு பொம்மை மட்டும் தலை கவிழ்ந்து கிடந்தது.

"இந்த ஒறங்குத பொம்ம ஆரு மக்கா?" என்று கேட்டார் நேசபாய்.

"அதுக்கு மட்டும் பேரு போட்டிருக்கேன், வாசிச்சுப் பாருங்க பாட்டி."

ஸ்மைலின் குனிந்து உரக்கப் படித்தாள்: "பெபிஷா!"