கிளி எங்கே என்று கேட்டவள்

தைத்து முடித்த திரைச்சீலைகளுக்கு இஸ்திரி போடுவது அந்த வீட்டில் கணவரின் வேலை. அவர் பேருந்து ஓட்டுநர். பணிக்கு மதியத்துக்கு மேல் போனால் போதும். காலையில் சாப்பாட்டு மேசை மேல் பழைய போர்வையை மடித்துப் போட்டு, ஒரு கையால் தண்ணீர் தெளித்து, மறு கையால் பெட்டியை ஓட்டுவார். ஓரத் தையல் வரும் இடத்தில் வளைவைக் கண்டதுபோல் கை தானாக மெதுவாகும்.

"பஸ்ஸை ஒரு நாளாவது இவ்வளவு பொறுமையா ஓட்டியிருப்பீங்களா?" என்பாள் மனைவி.

"பஸ் கருகாதே."

திரைச்சீலைக் கடை அவளுடையது. கடை இருக்கும் அறை அவளுடைய அண்ணனுடையது. கல்யாணமான புதிதில், "சும்மா கிடக்குற ரூம்தானே, வச்சுக்கோ" என்று கொடுத்தவர், இப்போது திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். எதிர்ச் சாரியில் பெரிய துணிக்கடை வந்த பிறகு அவள் கடைப் படியேறுகிறவர்கள் குறைந்துபோனது உண்மைதான். அண்ணன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தினமும் கடைக்கு வந்து, முக்காலியில் உட்கார்ந்து, பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு, போகும்போது ஒரு வார்த்தை சொல்வார்: "ஈ ஓட்டுறதுக்கு எதுக்கும்மா ஒரு ரூம்? மழை முடிஞ்சதும் காலி பண்ணிக் குடுத்துடு."

அவள் விடுவதாக இல்லை. எதிர்க்கடைக்காரன் விலையைக் குறைத்தால் இவளும் குறைத்தாள். அவன் வளையங்கள் இலவசம் என்றான். இவள் வளையத்தோடு கம்பியையும் சேர்த்துக் கொடுத்தாள். 'தரமே எங்கள் மூச்சு' என்று பலகை எழுதி மாட்டினாள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

அந்தச் சமயத்தில்தான் மகளின் பள்ளியில் நாடகம் போட்டார்கள். ஏழு கடல் தாண்டித் தீவில் இருக்கும் அரக்கன் கதை. மகள், சிறைப்பட்ட இளவரசி. வீட்டு ஒத்திகையில் அரக்கன் வேடம் இஸ்திரிப் பெட்டியோடு நின்ற அப்பாவுக்கு வாய்த்தது. அரக்கனுக்குப் பேன் பார்த்துக்கொண்டே இளவரசி ரகசியத்தைக் கேட்க வேண்டும்.

"அப்பா, உங்களுக்கு முடியே இல்லையே. நான் எங்கே போய்ப் பேன் பாக்குறது?"

"நடிம்மா. நான் அரக்கனா நடிக்கலையா?"

"அதுக்கு நீங்க நடிக்கவே வேணாம்" என்றாள் அடுப்படியிலிருந்து அம்மா.

கதையில், முன்னால் வந்த வீரர்கள் எல்லோரும் அரக்கனின் தலையை வெட்டுகிறார்கள். வெட்ட வெட்டத் தலை முளைக்கிறது. கடைசியாக வந்தவன் வாளை உருவவில்லை. 'உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டுச் சொல்' என்று இளவரசியை அனுப்புகிறான். ஒரு கிளிக்குள் இருக்கிறது என்று தெரிகிறது.

"உங்க உயிர் எங்கே இருக்கு?" என்று மகள் குழைந்து கேட்டபோது, அடுப்படியில் கரண்டி நின்றது. இத்தனை நாளாக நானும் தலையைத்தான் வெட்டிக்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்குப் பட்டது. விலையில் ஒரு தலை, வளையத்தில் ஒரு தலை. படியேறி வருகிறவரின் கிளி எங்கே இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அன்றே ஒரு நர்ஸ் கடைக்கு வந்தாள். வழக்கமாக ஆள் உள்ளே நுழைந்ததும் பத்துத் துணியை விரித்துக் காட்டுகிறவள், அன்று ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

"எதுக்கும்மா ஸ்க்ரீன்?"

நர்ஸ் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "ஜன்னலுக்குத்தான்."

"ஜன்னல் எல்லார் வீட்லயும் இருக்கு. உங்களுக்கு என்ன தொல்லை, அதைச் சொல்லுங்க."

"தூக்கம்தான்க்கா." நர்ஸ் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு எப்பவும் ராத்திரி டியூட்டி. பகல்ல கண்ணை மூடினா மூஞ்சியில வெளிச்சம். துணியைக் கண்ணுல கட்டிக்கிட்டுப் படுத்தா மூச்சு முட்டுது."

கிளி கையில் சிக்கிவிட்டது என்று நினைத்தாள். கடையைச் சாத்திவிட்டு, எப்போதும்போல் மாலையில் போய் ஜன்னலை அளந்தாள். தடித்த துணிக்கு உள்ளே கறுப்புத் துணியும் வைத்துத் தைத்து மாட்டினாள். சில நாள் கழித்து நர்ஸ் அதே திரைச்சீலையைப் பையில் திணித்துக் கொண்டுவந்து மேசையில் போட்டாள்.

"ஜன்னல் நல்லாத்தான்க்கா இருட்டா இருக்கு. எனக்குத்தான் தூக்கம் வரல."

முக்காலியிலிருந்த அண்ணன் பேப்பரை இறக்கவில்லை. பேப்பருக்குப் பின்னாலிருந்து தொண்டையைக் கனைத்தார். வீட்டுக்கு வந்தால் கணவர், "என்ன, கிளி பறந்துடுச்சா?" என்றார். அவள் நாளைக்குத் தைக்க வேண்டிய துணியை வெட்டினாள். அன்று கத்தரி கொஞ்சம் பலமாகவே ஓடியது.

மறுநாள் உச்சி வெயிலில் கடைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, அந்தத் திரைச்சீலையோடு நர்ஸின் அறைக்குப் போய் அதை மறுபடி மாட்டினாள். இஞ்ச் டேப்பை எடுக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறி, தலையணையில் தலை வைத்துப் படுத்தாள்.

"அக்கா, என்ன பண்றீங்க?"

"பேசாம இரும்மா. தூங்கப் பாக்குறேன்."

ஜன்னல் பக்கம் கும்மிருட்டு. ஆனால் கண்ணில் ஏதோ குத்தியது. கதவுக்கு மேலே கைக்குட்டை அகலத்தில் ஒரு கண்ணாடி. அதன் வழியாக வந்த வெயில் எதிர் அலமாரிக் கண்ணாடியில் பட்டு, நேராகத் தலையணைக்குத் திரும்பியது. நின்று பார்த்தால் தெரியாது. மாலையில் வந்தால் அறவே தெரியாது. படுத்தவர் கண்ணுக்கு, அந்த நேரத்தில் மட்டுமே தெரியும்.

வெட்டி மிஞ்சிய கறுப்புத் துண்டு ஒன்றை அந்தக் கண்ணாடிக்குத் தைத்து மாட்டினாள். நர்ஸ் பிறகு கடைப் பக்கமே வரவில்லை. அவள் அனுப்பிய இன்னொரு நர்ஸ்தான் வந்தாள். "அந்தக்கா படுத்தா எந்திரிக்கவே மாட்டேங்கிறாங்க. எனக்கும் அது மாதிரி ஒண்ணு வேணும்."

அதிலிருந்து அவளுடைய வழக்கம் மாறியது. தொல்லை வரும் நேரத்தில்தான் அளவெடுக்கப் போவாள். படுக்கிறவர் படுக்கும் இடத்தில் படுத்தும், படிக்கிறவர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தும் பார்ப்பாள். மூச்சுப் பலகை இறங்கியது. 'உங்கள் வீட்டில் எந்த நேரத்து வெளிச்சம் தொல்லை?' என்ற பலகை ஏறியது. அதைப் படித்துவிட்டுப் போன ஆள் பாதி வழியில் நின்று யோசித்துத் திரும்பி வருவதை அவளே பார்த்தாள். மகளின் நாடகக் கதையில் கழுகு ஒன்று, நினைத்தால் வருவேன் என்று வீரனிடம் இறகு கொடுத்துவிட்டுப் போகும். இவள் திரையை ஒதுக்கிக் கட்டும் நாடாவின் உள்பக்கம் கடையின் தொலைபேசி எண்ணைத் தைத்துக் கொடுத்தாள். கட்டி அவிழ்க்கும்போதெல்லாம் கண்ணில் படும்.

பகலில் கடை பாதி நேரம் பூட்டிக் கிடந்ததுதான் புதுத் தலைவலி. அண்ணன் வந்து பூட்டைப் பார்த்துவிட்டு, வெயிலில் நின்றிருந்து திரும்பிப் போவார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்.

மழை முடிந்தது. அண்ணன் ஒரு புதுப் பூட்டோடு வந்து மேசை மேல் வைத்தார்.

"வர்றவங்க போறவங்க என்ன பேசுறாங்க தெரியுமா? கடையைச் சாத்திட்டு, ஊரார் கட்டில்ல போய்ப் படுத்துட்டு வர்றா உன் தங்கச்சின்னு."

"படுத்தாத்தான் தெரியுது அண்ணா."

"வியாக்கியானம் வேணாம். சாவியைக் குடு."

"குடுக்க மாட்டேன்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த துணியின் ஓரத்தை மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டே இருந்தாள்.

"யாருக்கு வாடகைக்கு விடப் போறே?"

"ஆள் வரும்."

"வந்து கேட்டாங்களா?"

"அதெல்லாம் உனக்கெதுக்கு?"

அவர் அறையைக் கேட்பது பணத்துக்கு இல்லை என்பது அவளுக்குப் புரிந்தது. போன வாரம் அண்ணி துணி எடுக்க வந்தபோது சொன்னது நினைவுக்கு வந்தது: "வீட்டைக் கூட்ட விட மாட்டேங்கிறார்டி. எங்க விளக்குமாறு போனாலும் அங்க நாற்காலியைப் போட்டு உக்காந்திருக்கார். காலை ஆனா வெளியே தள்ளி விட்டுடறேன்." தள்ளி விடப்பட்ட மனிதர் வந்து சேர்ந்த இடம் இந்த முக்காலி. அதையும் இவள் இப்போது பாதி நாள் பூட்டி வைத்திருந்தாள்.

அவள் குண்டூசியைக் கீழே வைத்தாள்.

"அண்ணா, கடை பூட்டியிருந்தா அன்னைக்குப் பகல்ல நீ எங்கே போறே?"

அவர் பேப்பரை எடுத்து மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார்.

"உச்சி நேரத்துல நான் வெளியே போயாகணும். கடையில உக்கார ஆள் வேணும். அந்நிய ஆளை வைக்க எனக்கு இஷ்டமில்ல. முக்காலி வேணாம், முதுகு சாயுற மாதிரி நல்ல நாற்காலியா போடுறேன். ரூமை மட்டும் கேக்காதே, நான் தர மாட்டேன். நாளையிலேருந்து வர்றியா?"

அண்ணன் எழுந்தார். பேப்பரை அக்குளில் இடுக்கிக்கொண்டார். மேசை மேலிருந்த பூட்டை ஒரு முறை பார்த்தார், எடுக்கவில்லை. புதுப் பலகையின் கீழே தலை குனிந்து, போகும்போது சொல்லும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் வெளியே போனார்.