பெயருக்கு நடுவே ஓர் இடைவெளி

அச்சகத்தில் அவரைப் 'பொத்தான்' என்றுதான் கூப்பிடுவார்கள். கணினிகளைப் பராமரிப்பது அவர் வேலை. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டச்சு செய்தால்தான் ஓடுவேன் என்று அடம்பிடிக்கும் நிரல்களை மற்றவர்கள் தொடவே மாட்டார்கள். "இதுக்கும் ஒரு பொத்தான் வச்சுக் குடுங்களேன்" என்று வந்து நிற்பார்கள். அவரும் முகம் சுளிக்காமல் வைத்துக் கொடுப்பார்.

இப்படி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்துகொண்டிருந்தவர், எல்லோருக்கும் பொதுவாக ஒரு சின்ன மென்பொருளை எழுதியது அண்ணிக்காக. பார்வையற்றோர் நூலகத்தில் ஒலிப்பதிவு அறையைக் கவனித்துக்கொள்பவர் அண்ணி. யாராவது வந்து புத்தகத்தை வாசிப்பார்கள்; அண்ணி பதிவு செய்து, இரைச்சலை நீக்கி, கேட்பவர்களுக்கு அனுப்புவார். அந்த இரைச்சல் நீக்கும் நிரல் கறுப்புத் திரையில்தான் ஓடும். "தம்பி, அந்தக் கறுப்பு ஜன்னல் தெறந்தாலே எனக்குப் பரீட்சை ஹால்ல உக்காந்த மாதிரி இருக்கு" என்றார் அண்ணி ஒருநாள்.

அவர் எழுதிக் கொடுத்தது எளிமையானது. எந்த நிரலையும் மேசைத்திரையில் ஒரு படமாக வைத்துக்கொள்ளலாம். கோப்பை இழுத்து அதன் மேல் போட்டால் போதும், கட்டளையைப் படமே பார்த்துக்கொள்ளும். கணினியில் இடம் போதவில்லை என்று அண்ணி சொன்னதால், வேலை முடிந்ததும் பழைய கோப்பை அழித்துவிடும் வசதியையும் சேர்த்தார். பிறகு, நாலு பேருக்குப் பயன்படட்டுமே என்று இணையத்தில் இலவசமாகப் போட்டார். முகம் தெரியாதவர்கள் எங்கிருந்தெல்லாமோ நன்றி எழுதினார்கள். மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒருவர் மட்டும் நன்றியோடு நிறுத்தவில்லை. 'கோப்பின் பெயருக்கு நடுவே இடைவெளி இருந்தால், உங்கள் கருவி முதல் சொல்லை மட்டும் பெயராக வைத்துச் சேமிக்கிறது. ஒன்றின் மேல் இன்னொன்று எழுதிவிடும். தயவுசெய்து பாருங்கள்' என்று எழுதியிருந்தார். பார்த்திருந்தால் ஒரு வரி வேலை. அன்றைக்குப் பொத்தானுக்கு எரிச்சல். சும்மா கொடுத்த பொருளுக்கு நொட்டை சொல்கிறானே என்று, 'அப்படியானால் இடைவெளி விடாமல் பெயர் வையுங்கள்' என்று பதில் தட்டிவிட்டு மறந்துபோனார்.

அண்ணியின் அறைக்கு ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வாசிக்க வருவார். வெண்கல மணிக்குரல். அவருக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை என்று முடிவானது. குரல் பழையபடி வருமா என்று மருத்துவருக்கே நிச்சயமில்லை. அதற்குள் தனக்குப் பிடித்த தடிமனான கடற்பயணக் கதை ஒன்றை முழுதாக வாசித்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று, வாசித்தும் முடித்தார். அண்ணி கோப்புகளுக்கு 'பாகம் ஒன்று', 'பாகம் இரண்டு' என்று அழகாகப் பெயர் வைத்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படத்தின் மேல் இழுத்துப் போட்டார்.

மறுநாள் போய்ப் பார்த்தால் 'பாகம்' என்று ஒரே ஒரு கோப்பு. அதில் இருந்தது கடைசி அத்தியாயம்.

பொத்தான் பறந்தடித்துக்கொண்டு போனார். அந்தப் பெயரைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்கு விளங்கிவிட்டது. கடிதம் எழுதிய அந்த முகம் தெரியாத மனிதர் பின்னால் வந்து நிற்பதுபோல் இருந்தது. அழிந்ததை மீட்கும் கருவிகளையெல்லாம் ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை.

"நான்தான் எதையோ தப்பா அழுத்தித் தொலைச்சிருக்கேன்" என்று அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வாத்தியார் முகத்துல எப்படி முழிப்பேன் தம்பி?"

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. "பழைய மெஷின் அண்ணி, சில சமயம் இப்படி ஆயிடும்" என்று மென்று விழுங்கினார்.

வீட்டுக்கு வந்து பிழையைத் திருத்தினார். பெயரை முழுதாக எடுத்துக்கொள்ள அதன் இருபுறமும் ஒரு மேற்கோள்குறி, அவ்வளவுதான். திருத்தி முடித்தபின் தலை நிமிரவே கூசியது. அண்ணியோ அந்த அறைச் சாவியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடப் போவதாகவும், தனக்கு இந்த வேலைக்கெல்லாம் மூளை போதாது என்றும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அது காதில் விழுந்த அன்று அவரால் அச்சகத்தில் உட்கார முடியவில்லை. நேராக நூலகத்துக்குப் போனார்.

"அண்ணி, நீங்க ஒண்ணும் தப்பா அழுத்தல. தப்பு என்னோட மென்பொருள்ல. ஒருத்தர் முன்னாடியே எழுதிச் சொன்னாரு. நான்தான் திமிருல கண்டுக்கல."

"தெரியாம நடந்ததுக்கு நான் உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டேன். நான் அழுதப்போ பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டு இருந்தியே, அதான்" என்றார் அண்ணி. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

வாத்தியாரிடம் சொல்ல இருவரும் சேர்ந்தே போனார்கள். சிகிச்சை முடிந்து, கழுத்தில் கட்டோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். குரல் காய்ந்த இலை உரசுவதுபோல் வந்தது. பொத்தான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். வாத்தியார் மிச்சமிருந்த அத்தியாயத்தைப் போடச் சொல்லி, தன் பழைய குரலைக் கண்ணை மூடிக் கேட்டார்.

"யாருப்பா இந்த ஆளு, ரயிலுக்கு நேரமான மாதிரி ஓடுறான்?" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. இருமி ஓய்ந்தபின், "என்னால இனிமே ஆகாதும்மா. நீங்க படிங்க. இவரு பதிவு பண்ணட்டும்" என்றார்.

இணையப் பக்கத்தின் உச்சியில் பொத்தான் ஓர் எச்சரிக்கை போட்டார்: பழைய பதிப்பு உங்கள் கோப்புகளை அழித்துவிடும், உடனே மாற்றுங்கள், தவறு என்னுடையது. கடிதம் எழுதிய மனிதருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினார். அவரிடமிருந்து பதில் வரவில்லை. அவர் என்னத்தை இழந்தாரோ என்ற கேள்வி மட்டும் இவரை விட்டுப் போகவே இல்லை.

இப்போது விடுமுறை நாட்களில் அண்ணி பதிவறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கடற்பயணக் கதையை வாசிக்கிறார்; பொத்தான் இந்தப் பக்கம் பதிவு செய்கிறார். அண்ணிக்கு வாத்தியாரின் குரல்வளம் கிடையாது. புயல் வரும் இடத்திலும் சமையல் குறிப்பு சொல்வதுபோல் வாசிக்கிறார். வேலைக்கு வேண்டியதைத் தவிர அதிகம் பேசுவதில்லை. ஒவ்வொரு பாகமும் முடிந்ததும் வெளியே வந்து, "போட்டுக் காட்டு" என்பார். அவர் போட்டுக் காட்டுவார். முழுவதையும் நின்றபடியே கேட்டுவிட்டுத்தான் அண்ணி அடுத்த பக்கத்தைப் புரட்டப் போவார்.