இன்ஜினில் இறங்கிய மழை

முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரி வண்டியை ஓட்டியவர் என்பதால், ஓய்வுபெற்ற பிறகும் அவரைத் தெருவில் ஆம்புலன்ஸ்காரர் என்றே சொன்னார்கள். அந்தக் காலமெல்லாம் அவர் சாலையைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. முன்னால் போகிற வண்டி வழிவிடுமா விடாதா என்ற ஒரே கவலை. அவர் மனைவி அதற்கு நேர்மாறு. தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாகத் தெருவில் யார் போனார்கள், யார் வந்தார்கள், யார் சட்டையில் பொத்தான் இல்லை என்பதுவரை சொல்லிவிடுவார்.

அந்தக் கண்ணுக்குத்தான் நோய் வந்தது. பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், மருந்து விட்டால் கொஞ்சம் மெதுவாகச் சுருங்கும், போனது போனதுதான் என்று கண் டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் இறங்கும்போது மனைவி கேட்டது ஒன்றுதான். பிறந்ததிலிருந்து சமவெளியிலேயே இருந்துவிட்டோம், ஒரு பெரிய மலையை முழுசாக ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றார்.

ஓய்வுப் பணத்தில் பெரும்பகுதியைப் போட்டு அவர் ஒரு பழைய வீட்டுவண்டியை வாங்கியது அப்படித்தான். உள்ளேயே கட்டில், அடுப்பு, சின்னக் கழிவறை. மகளுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. இந்த வயதில் எதற்கு இந்த வேண்டாத வேலை, ரயிலில் போய்விட்டு வரலாமே என்றாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரயில் தன் இஷ்டத்துக்குத்தான் நிற்கும், அம்மா கேட்ட இடத்தில் நிற்காது என்று சொல்லிவிட்டார்.

கிளம்புவதற்குள் கண்ணில் ஒரு அறுவைசிகிச்சை, அதன்பின் இன்னொன்று என்று ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. வண்டி வீட்டுப் பக்கத்தில் மர நிழலில் நின்றது. மனைவி பகலில் அதற்குள் உட்கார்ந்து, கையால் தடவிப் பார்த்துப் பார்த்து ஜன்னல்களுக்குத் திரை தைத்தார். ஒரு மழை நாளில் அவரைக் கூப்பிட்டு, முன்பக்கம் எங்கேயோ தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்கிறது என்றார். அவர் ஏணி போட்டுக் கூரைமேல் ஏறித் தகடு சேர்கிற மூட்டெல்லாம் பார்த்தார். மெத்தையைத் தூக்கிப் பார்த்தார். எல்லாம் காய்ந்து கிடந்தது.

“உள்ள ஒரு பொட்டு ஈரம் கிடையாது. உன் காதுக்குள்ளதான் மழை பெய்யுது” என்றார்.

மனைவி சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

கடைசியில் ஒரு காலையில் கிளம்பினார்கள். இரண்டு நாள் வண்டி சொன்னபடி கேட்டது. மூன்றாம் நாள், மலை தூரத்தில் நீலமாகத் தெரிய ஆரம்பித்த ஏற்றத்தில், இன்ஜின் இருமியது. இருமல் உதறலானது. பின்னால் வெள்ளைப் புகை கிளம்பியது, டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அவர் எத்தனையோ பேரின் கடைசி மூச்சைக் கேட்டவர். சாவியை இரண்டாம் முறை திருப்பவில்லை.

கட்டி இழுத்துக்கொண்டு போய் அடிவாரத்து ஊரில் ஒரு பட்டறையில் விட்டார்கள். பட்டறைக்காரர் நாற்பது வயது மனிதர், வளவளவென்று பேசாதவர். முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் அசைகிற இடத்திலிருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். கீழே வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம். அது நிறைய மட்கிய இலை. கையால் அள்ளி அள்ளிப் போட்டார்.

“மழைத்தண்ணி இறங்கிப்போற ஓட்டை இது, சார். இலை அடைச்சிருக்கு. தண்ணி போக வழியில்லாம இன்ஜின் தலையில வழிஞ்சிருக்கு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, ரொம்ப நாளா.”

டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் நான்கும் குழிக்குள் உட்கார்ந்திருந்தன. குழி முழுக்கத் துருச்சேறு. அதில் ஒன்று வாய்மூடாமல் மாட்டிக்கொண்டு டீசலை ஊற்றியபடியே இருக்க, சூட்டில் பிஸ்டன் ஓட்டையாகிவிட்டது. கழற்ற இழுத்தபோது இரண்டு இன்ஜெக்டர்கள் உள்ளேயே முறிந்தன. இன்ஜினின் மேல்பாகத்தையே மாற்ற வேண்டும், பிஸ்டனும் மாற்ற வேண்டும் என்று பட்டறைக்காரர் கணக்குச் சொன்னார். வண்டி வாங்கிய விலையில் பாதிக்குமேல் வந்தது. காப்பீட்டு அலுவலகத்தில் பேசியபோது, மோதியிருந்தால் தரலாம், ஒழுகியதற்கெல்லாம் தர முடியாது என்றார்கள்.

அவரை உலுக்கியது அந்தத் தொகை இல்லை. ஆஸ்பத்திரி வண்டியில் தினமும் காலையில் டயர், ஆயில், விளக்கு என்று ஒன்று விடாமல் பார்த்தவர். ஆனால் அந்த மூடியை ஆஸ்பத்திரியின் பட்டறை ஆட்கள்தான் கழற்றுவார்கள். அதைக் கழற்ற வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியதில்லை. சொட்டுகிற சத்தத்தைக் கேட்டுச் சொன்ன ஒருத்தியையும் கேலி பண்ணி அனுப்பிவிட்டார்.

மனைவி பட்டறை வாசலில் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து உப்பு குறைந்தாலும் சரி, குடை மறந்தாலும் சரி, “நான் அன்னிக்கே சொன்னேன்” என்று சொல்லாமல் விட்டதில்லை. இப்போது சொல்வார் என்று அவர் காத்திருந்தார். சொல்லவில்லை. பட்டறைக்காரரிடம் கைகழுவ எங்கே தண்ணீர் இருக்கிறது என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறியிருக்கும்.

மலை அங்கேதான் இருந்தது. ஆனால் அன்று மேகம் இறங்கி மூடிவிட்டது. வாடகை வண்டியில் மலைக்குப் போய்விடலாம் என்றார் அவர். மனைவி தலையாட்டி மறுத்தார். மருந்து தீரப்போகிறது, டாக்டரைப் பார்க்கிற நாளும் நெருங்கிவிட்டது, வண்டி சரியானதும் வரலாம் என்றார். இருவரும் பஸ் ஏறி ஊர் திரும்பினார்கள்.

பட்டறைக்குப் பணம் கட்ட அவர் மறுபடி வேலைக்குப் போனார். கிடைத்தது இறந்தவர்களைக் கொண்டுபோகிற வண்டி. வாழ்நாளெல்லாம் பறந்தவர், இப்போது நடக்கிறவர்களுக்கு முன்னால் ஊர்ந்தார். முதல் வாரம் வேகம் கூடிவிட்டது என்று ஒரு வீட்டாரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டார். அதை மனைவியிடம் சொன்னபோது, “இனிமே எதுக்கு அவசரம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு” என்று சொல்லி ரொம்ப நேரம் சிரித்தார். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மனைவி தண்ணீர்ச் செம்பை எடுக்கக் கை நீட்டினார். கை செம்புக்கு ஒரு சாண் தள்ளிப் போய்த் தேடியது.

பட்டறையில் வேலை முடிய எட்டு மாதம் ஆனது. உதிரிபாகம் வரத் தாமதம், வந்தது ஒன்று பொருந்தவில்லை, திருப்பி அனுப்பி வேறு வாங்கினார்கள். வண்டி எடுத்துக்கொண்டு போகலாம் என்று பட்டறைக்காரர் போனில் சொன்னபோது, மனைவி தையல் மெஷினுக்கு உறை போட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. இன்னும் காசளவு பார்வை நடுவில் மிச்சம் இருந்தது.

போனார்கள். அந்த ஏற்றத்தில் வண்டி ஒரு முனகல் இல்லாமல் ஏறியது. வளைவுகளைத் தாண்டி, சாலை அகலமாகிற இடத்தில் நிறுத்தினார். வானம் துடைத்துவிட்டமாதிரி இருந்தது. எதிரே முழு மலை, உச்சியில் பனி.

மனைவியைக் கைபிடித்து இறக்கி நிறுத்தினார். மனைவி தலையை இடதிலிருந்து வலதாக மெல்லத் திருப்பினார். பிறகு கொஞ்சம் மேலே தூக்கி, வலதிலிருந்து இடதாக. புத்தகத்தில் வரிவரியாகப் படிப்பதுபோல மலையை ஒவ்வொரு துண்டாகப் பார்த்தார். காற்று குளிர்ந்தது. ஆம்புலன்ஸ்காரர் சால்வையை எடுத்து வந்து போர்த்திவிட்டார். மனைவி சால்வை நுனியை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

“பெரிசா இருக்குன்னு தெரியுதுங்க. எவ்வளவு பெரிசுன்னுதான் தெரியல.”

“நான்தாம்மா கெடுத்தேன்” என்றார் அவர். “நீ சொன்னப்பவே அந்த மூடியத் தொறந்து பார்த்திருக்கணும்.”

மனைவி மறுக்கவில்லை. ஆமாம் என்று சொன்னார், கோபமில்லாமல். பிறகு கையை நீட்டினார். அது தடுமாறி அவர் தோளில் பட்டு, முழங்கை வழியாக இறங்கி, அவர் கையைப் பிடித்துக்கொண்டது.

“அந்த உச்சி எந்தப் பக்கம்னு காட்டுங்க” என்றார்.

அவர் பின்னால் நின்று, இரண்டு கையாலும் மனைவியின் முகத்தைப் பிடித்து, பனி இருக்கிற திசைக்குத் திருப்பினார். கொஞ்சம் அதிகமாகத் திருப்பிவிட்டோமோ என்று தோன்ற, மறுபடி சற்றுத் திருப்பிச் சரிசெய்தார்.